குழாய் மாட்டும் முன்னே படத்தைக் காட்டுங்க

(கூட்டமைப்பின் ஆண்டு மகாசபையில் கட்டடக் குழு சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



நாங்க ஐந்து பேர். மேடையில் ஒருத்தர் பேசினாலும், ஐந்து பேரும் சேர்ந்து உட்கார்ந்து எழுதியதைத்தான் இங்கே படிக்கிறோம். விட்டுப்போனதை மற்றவங்க எடுத்துக் கொடுப்பாங்க. கட்டட வேலை எந்த அளவில் இருக்குன்னு செயலாளர் அறிக்கையில் கேட்டீங்க. சுவர் எழும்பி, மாடியும் கூரை போட்டாச்சு. பூச்சு பாக்கி, வயரிங் பாதி. நாங்க பேச வந்தது தீ பாதுகாப்பு வேலையைப் பத்தி. கடைசியில் உங்ககிட்ட ஒரு தீர்மானம் கேட்கப் போறோம். பணம் சம்பந்தப்பட்டது. அதனால் பின்வரிசையில் இருக்கிறவங்களும் கொஞ்ச நேரம் பேச்சை நிறுத்திக் கேளுங்க.

பழைய வாடகைக் கொட்டகையில் போன ஐப்பசியில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். தீபாவளி ஆர்டர். இரண்டு அடுப்பிலும் முறுக்கு. ஒரு சட்டியில் எண்ணெய் அதிகமாகக் காய்ந்து, புகைந்து, சட்டிக்குள்ளேயே தீ பிடிச்சது. பக்கத்தில் மாவு பிசைஞ்சுக்கிட்டிருந்த நம்ம சகோதரி பதறிப்போய் குடத்துத் தண்ணியைத் தூக்கி ஊத்தினாங்க. தீ சட்டியை விட்டு எகிறி அவங்க மேலேயே விழுந்தது. கை, கழுத்து, காது. 23 நாள் பெரியாஸ்பத்திரியில் கிடந்தாங்க. இன்னிக்கு இந்தக் கூட்டத்துக்கு வந்திருக்காங்க. பேரைச் சொல்ல வேணாம், நடந்ததைச் சொல்லுங்கன்னு அவங்களே சொன்னாங்க.

அவங்க மேல தப்புச் சொல்ல எங்களுக்கு வாய் வராது. தீன்னா தண்ணி, அப்படித்தான் நம்ம எல்லோருக்கும் கை போகும். காய்ந்த எண்ணெயில் தண்ணி விழுந்தா அது எண்ணெய்க்குக் கீழே இறங்கும், இறங்கின அந்த நொடியே ஆவியாகிப் பொங்கும். பொங்கும்போது எரியற எண்ணெயையும் சேர்த்துத் தூக்கி வெளியே வீசும். கேஸை மூடிட்டு, சட்டி மேல ஒரு தட்டை நகர்த்தி மூடி, சூடு ஆறும் வரை திறக்காமல் விட்டிருந்தாப் போதும். இது யாரும் நமக்குச் சொல்லித் தரலை.

இதில் இன்னொரு விஷயம் இருக்கு. அந்தக் கொட்டகையில் தீயணைப்பு சிலிண்டர் ஒண்ணு இருந்தது. சிவப்பா, புதுசா, சீல் உடையாம. எங்கே இருந்தது தெரியுமா? அடுப்புக்குப் பின்னாடி சுவரில். நெருப்பைத் தாண்டிப் போனாத்தான் எடுக்க முடியும். அதை மாட்டினவர் சுவரில் காலி இடம் எங்கேன்னு பார்த்து மாட்டியிருக்கார். ஆபத்து நேரத்தில் எடுக்கப் போறது யார், எந்தப் பக்கம் நிப்பாங்கன்னு யோசிக்கலை. நாமும் ஒரு நாளும் கேட்கலை.

இதை மனசில் வச்சுக்கிட்டு மேலே கேளுங்க.

புதுக் கட்டடத்துக்குத் தீ பாதுகாப்பு சாமான் மாட்ட மூணு இடத்தில் கொட்டேஷன் வாங்கினோம். குறைந்த விலை 2,85,000 ரூபாய். சிலிண்டர்கள், புகை வந்தால் மணி அடிக்கிற கருவிகள், மொட்டை மாடியில் தண்ணித் தொட்டி, பம்பு, தளத்துக்கு ஒரு ரப்பர் குழாய்ச் சுருள், வெளியே போகும் வழி காட்டும் பச்சை விளக்குகள், இவ்வளவும் அதில் அடக்கம். கான்ட்ராக்டர் நல்ல மாதிரியான ஆளுதான். முன்பணம் கொடுத்தா அடுத்த வாரமே ஆள் அனுப்புறேன், பூச்சுக்கு முன்னாடியே குழாய் மாட்டிடலாம்னார். நாங்களும் காசோலை எழுதிட்டோம். கையெழுத்துப் போடப் போற நேரத்தில் எங்களில் ஒருத்தர் கேட்டாங்க: "5,000 ரூபாய் உள்கடன் கேட்டு வர்ற உறுப்பினர்கிட்ட எதுக்கு, எப்போ கட்டுவேன்னு எழுதி, படிச்சுக் காட்டித்தான் கையெழுத்து வாங்குறோம். இதுக்கு மட்டும் படிக்காமலே கையெழுத்தா?"

காசோலை பைக்குள் போயிடுச்சு. படத்தைக் காட்டுங்க தம்பின்னு கேட்டோம்.

அவர் அதை எதிர்பார்க்கலை. "அக்கா, அது டெக்னிக்கல் டிராயிங். இஞ்சினியருக்குத்தான் புரியும். மாட்டினப்புறம் நானே வந்து ஒவ்வொண்ணா விளக்குறேன்"னார். மாட்டினப்புறம் விளக்கி என்ன பண்ண? காகிதத்தில் ஒரு வட்டத்தை அழிச்சு வேற இடத்தில் போட ரப்பர் போதும். சுவரில் மாட்டியாச்சுன்னா உளி வேணும், திரும்பப் பூசணும், கூலியும் நம்ம தலையில். இரண்டு நாள் கழிச்சு செல்போனில் அனுப்பினார். விரலால பெரிசு பண்ணினா ஒரு மூலை தெரியுது, மத்ததெல்லாம் மறைஞ்சு போகுது. பெரிய தாளில் அச்செடுத்துக் கொடுங்கன்னு திரும்பக் கேட்டு வாங்கினோம். அதுக்கு ஒரு வாரம். "இந்தப் பொம்பளைங்க வேலையை இழுத்தடிக்கிறாங்க"ன்னு ஊரில் ஒரு பேச்சு வந்தது. வந்தா வரட்டும்.

முதல் நாள் எங்களுக்கும் ஒண்ணும் புரியலை. உண்மையைச் சொல்லணும். வட்டமும் முக்கோணமும் சிவப்புக் கோடுமா இருந்தது. அப்புறம் தாளின் ஓரத்தில் ஒரு சின்னக் கட்டம் கண்ணில் பட்டது. எந்தக் குறி எந்தச் சாமான்னு அதில் எழுதியிருக்கு. அதுதான் சாவி. கீழே அளவு விகிதம் போட்டிருந்தாங்க: ஒன்றுக்கு நூறு. அதாவது தாளில் 1 சென்டிமீட்டர் இருந்தால் தரையில் 1 மீட்டர். தையல் டேப்பின் மறுபக்கத்தில் சென்டிமீட்டர் இருக்கே, அதை வச்சு அளந்தோம். புள்ளி வச்சு, வரிசை எண்ணி, கோடு இழுத்துக் கோலம் போடற கைக்கு இது பெரிய வித்தை இல்லை.

பக்கத்து ஊரில் தீயணைப்புத் துறையில் நிலைய அலுவலரா இருந்து ஓய்வு பெற்ற ஐயா ஒருத்தர் இருக்கார். ஒரு நாள் வந்து உட்கார்ந்தார். டீயைத் தவிர எதுவும் வாங்கிக்கலை. படத்தைப் பார்த்து இது சரி, இது தப்புன்னு அவர் சொல்லலை. "நெல் களத்துக்குப் போவோம், கோலப்பொடி எடுத்துக்கோங்க"ன்னார். களத்தில் கட்டடத்தின் முழு அளவுக்குக் கோடு போட்டோம். 20 மீட்டருக்கு 9 மீட்டர். சுவர், கதவு, அடுப்பு, மூட்டை அடுக்கும் இடம், மாடிப்படி எல்லாத்தையும் போட்டோம். படத்தில் சிலிண்டர் இருக்கிற இடத்தில் ஒரு செங்கல், மணி இருக்கிற இடத்தில் ஒரு தேங்காய் மட்டை. அப்புறம் எங்களில் ஒருத்தர் அடுப்புக்கிட்ட நின்னு, "தீ"ன்னு கத்தணும். மத்தவங்க கோட்டை மிதிக்காம, கதவு வழியா மட்டும் நடக்கணும். சின்னப் பிள்ளைங்க பாண்டி ஆடற மாதிரி இருந்தது. களத்தில் ஆடு மேய்ச்சுக்கிட்டிருந்தவர் நின்னு வேடிக்கை பார்த்தார். ஆனா அந்த ஒரு மணி நேரத்தில் படத்தில் உள்ள தப்புகள் ஒண்ணொண்ணா வெளியே வந்தது.

முதல் தப்பு, நீங்க நம்ப மாட்டீங்க. முறுக்கு அடுப்பு வரிசைக்குப் பின்சுவரில் சிலிண்டர். பழைய கொட்டகையில் இருந்த அதே இடம். இந்த இடத்தில் எங்களால் சிரிக்க முடியலை. அதை வாசல் பக்கம் மாத்தச் சொன்னோம். அங்கே இருந்தா எடுக்கிறவருக்கு முதுகுப் பக்கம் வழி இருக்கும். அணையலைன்னா திரும்பி ஓடலாம். சின்னத் தீயைத் தொடக்கத்திலேயே அமுக்கத்தான் சிலிண்டர். 6 கிலோ பவுடர் சிலிண்டரை அழுத்திப் பிடிச்சா அரை நிமிஷம்கூட வராது, காலியாயிடும். ஓட வழியில்லாத இடத்தில் நின்னு அதைப் பிடிக்கக் கூடாதுன்னு ஐயா இரண்டு தடவை சொன்னார். எண்ணெய்த் தீக்குன்னே கே வகைன்னு தனியா ஒரு சிலிண்டர் இருக்காம். அடுப்பறைக்கு அதுதான் வேணும்னு எழுதி வாங்கினோம்.

அடுத்தது மிளகாய் வறுக்கும் அறை. அங்கே கூரையில் புகை உணரும் கருவி போட்டிருந்தாங்க. படம் வரைஞ்ச தம்பி மிளகாய் வறுத்துப் பார்த்ததில்லை போல. நாம வறுக்கிற நாளில் தெருக்கோடி வரை இருமல் கேட்கும். அந்தக் கருவி காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை கத்தும். மூணாவது நாள் யாராவது ஏணி போட்டு ஏறி வயரைப் பிடுங்கி விடுவாங்க. நாமளேதான் பிடுங்குவோம். அப்புறம் நிஜத் தீ வந்தாலும் அது வாய் திறக்காது. இதுக்கு மாற்று இருக்கு: புகையை விட்டுட்டு வெப்பத்தை உணரும் கருவி. அடுப்பறை, வறுக்கிற அறை இரண்டுக்கும் அதைப் போடச் சொன்னோம். விலையிலும் பெரிய வித்தியாசம் இல்லை. கான்ட்ராக்டரே, "இது எனக்குத் தோணலை அக்கா"ன்னார். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகுதான் அவர் எங்க பேச்சைக் காது கொடுத்துக் கேட்க ஆரம்பிச்சார்.

கேஸ் கசிவு காட்டும் கருவி ஒண்ணு. அதுவும் கூரைக்குப் பக்கத்தில். நம்ம சமையல் கேஸ் காற்றைவிடக் கனம். கசிஞ்சா மேலே போகாது, தரையோட பரவிப் பள்ளத்தில் தேங்கும், சாக்கடை வழியாவும் போகும். மூக்குக்கு நாத்தம் வர்றதுக்கு முன்னே கால்கிட்ட நிறைஞ்சிருக்கும். கருவி தரைக்கு ஒரு அடி உயரத்தில் இருக்கணும். ஒரு பைசா செலவில்லாத திருத்தம். மாட்டினப்புறம் பார்த்திருந்தா யாருக்காவது தோணியிருக்குமா? கருவி இருக்கு, விளக்கு எரியுது, சரியாத்தான் இருக்கும்னு விட்டிருப்போம். சிலிண்டர்களையும் கட்டடத்துக்கு வெளியே கம்பி வலைக் கதவு போட்ட சின்ன அறையில் வச்சு, உள்ளே குழாயில் கேஸ் கொண்டுவரணும்னு சேர்த்தோம்.

மூட்டை அறைக்கு ஒரு வட்டம் போட்டு, இந்த வட்டத்துக்குள்ளே உள்ள இடத்துக்கெல்லாம் இந்த சிலிண்டர் எட்டும்னு காட்டியிருந்தாங்க. வட்டம் சுவரைத் தாண்டிப் போகுது. நாம சுவரைத் தாண்டிப் போவோமா? நூலைக் கதவு வழியா, மூலை மூலையா வளைச்சு இழுத்து அளந்தோம். 22 மீட்டர் வந்தது. நடந்து போகிற தூரம் 15 மீட்டருக்குள் ஒரு சிலிண்டர் இருக்கணும்னு இந்தியத் தர விதியில் இருக்கு, ஐ.எஸ். 2190ன்னு அதுக்கு எண். அதனால் மூட்டை அறை வாசலுக்குத் தனியா ஒண்ணு. அதுக்குப் பதிலா, திறந்த தாழ்வாரத்தில் போட்டிருந்த மூணு புகைக் கருவிகளை எடுத்துடச் சொன்னோம். காற்று அடிக்கிற இடத்தில் புகை அதுகிட்டப் போகவே போகாது. அதில் கொஞ்சம் பணம் மிச்சம்.

பம்பைப் பத்தி ஒரு கேள்வி. கேட்டது எங்களில் ஐந்தாம் வகுப்போடு நின்னவங்க. "தீ பிடிச்சா முதல்ல மெயின் சுவிட்சை அணைக்கச் சொல்றீங்க. அணைச்சா பம்பு ஓடுமா?" கான்ட்ராக்டர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓடாது. பம்புக்கு லைன் மெயின் சுவிட்சுக்கு அப்புறம்தான் எடுத்திருந்தாங்க. இப்போ மெயினுக்கு முன்னாலிருந்தே பம்புக்குத் தனி லைன், தனி சுவிட்ச், சிவப்புப் பெட்டி. அதுக்கு மட்டும் 14,000 ரூபாய் கூடுதல். கரண்டே இல்லாத நேரத்துக்கு என்ன வழின்னும் கேட்டோம். மொட்டை மாடித் தொட்டியிலிருந்து தானா இறங்குற தண்ணிக்குக் கீழ்த்தளத்தில் ஓரளவு வேகம் இருக்கும், மாடியில் இருக்காதுன்னு சொன்னார். மறைக்காமல் சொன்னதுக்கு நன்றி சொன்னோம்.

எல்லாத்தையும் நாங்களே கண்டுபிடிச்ச மாதிரி பெருமை பேச வரலை. எங்க தப்பும் உண்டு. டவுன் ஜவுளிக்கடையில் பார்த்த மாதிரி கூரை பூராவும் தண்ணி தூவுற குழாய் வேணும்னு நாங்க அடம் பிடிச்சோம். காய்ந்த எண்ணெய் சட்டி மேல கூரையிலிருந்து தண்ணி கொட்டினா என்ன ஆகும்னு ஐயா திருப்பிக் கேட்டார். பதில் எங்க சகோதரியின் கழுத்தில் எழுதியிருக்கு. வாயை மூடிக்கிட்டோம். அதே மாதிரி, மசாலா மூட்டை திருடு போகுமேன்னு பின்கதவுக்கு மடக்கு இரும்புக் கேட்டும் பூட்டும் கேட்டிருந்தோம். சாவி யார்கிட்டன்னு கேட்டார். தலைவிகிட்ட. தலைவி வீடு எங்கே? மூணு கிலோமீட்டர். அதையும் அடிச்சுட்டோம். உள்ளேயிருந்து தள்ளினா வெளிப்பக்கமா திறக்கிற கதவு, வெளியேயிருந்து மட்டும் பூட்டு, ஆள் உள்ளே இருக்கும் நேரத்தில் பூட்டே கிடையாது.

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வர்றோம். தீர்மானம் கேட்கிறதும் இதுக்குத்தான்.

மாடி ஹாலுக்கான படத்தில், ஹாலின் இரண்டு கோடியிலும் பச்சை அம்பு இருந்தது. ஒண்ணு உள்ளே இருக்கிற மாடிப்படிக்கு. இன்னொண்ணு எதிர்க் கோடியில் ஒரு கதவுக்கு. களத்தில் அந்தக் கதவையும் பொடியால போட்டோம். 180 பேர் கூட்டம்னு வச்சுக்கிட்டா பாதிப் பேர் இந்தப் பக்கம், பாதிப் பேர் அந்தப் பக்கம், சரியா இருக்குன்னு சந்தோஷப்பட்டோம். மறுநாள் படத்தைக் கையில் பிடிச்சுக்கிட்டு நிஜக் கட்டடத்தில் ஏறிப் பார்த்தோம். அந்தக் கதவு அங்கே இல்லை. அந்த இடத்தில் கம்பி போட்ட ஜன்னல்.

கான்ட்ராக்டரைக் கேட்டோம். "நீங்க கொடுத்த கட்டடப் பிளான் மேலதான் அக்கா நான் வரைஞ்சேன்"னார். உண்மைதான். நாம கொடுத்தது இரண்டு வருஷத்துக்கு முந்தின பிளான். அதில் அந்தக் கதவும், அதிலிருந்து வெளிப்பக்கமா இறங்கும் இரும்புப் படியும் இருந்தது. அப்புறம் அது எங்கே போச்சு? தீர்மானப் புத்தகத்தைப் புரட்டினோம். செலவைக் குறைக்க வெளிப்படியை நிறுத்தி வச்சு, கதவுக்குப் பதில் ஜன்னல் வைக்கலாம்னு தீர்மானம். முன்மொழிந்தவங்க, வழிமொழிந்தவங்க கையெழுத்து. அதில் இரண்டு கையெழுத்து இந்தக் கட்டடக் குழுவில் உட்கார்ந்திருக்கிற எங்களோடது.

அதாவது பச்சை விளக்கு எரியும். அம்பு காட்டும். புகையில் கண்ணு தெரியாம அந்த அம்பை நம்பி ஓடி வர்றவங்க கம்பி ஜன்னலில் போய் முட்டுவாங்க.

படிக்கட்டு ஒண்ணு இருக்கே, அது போதாதான்னு நீங்க கேட்கலாம். அந்த ஒரு படி எங்கே தொடங்குது? கீழே அடுப்பறை வாசலை ஒட்டி. கீழே தீ பிடிச்சா புகை முதல்ல ஏறுறது அந்தப் படியில்தான். படிக்கட்டு இருக்கிற இடம் புகைக்கூண்டு மாதிரி வேலை செய்யும். 1997 ஜூன் 13-ஆம் தேதி டெல்லியில் உப்ஹார் திரையரங்கில் நடந்தது இதுதான். கீழ்த்தளத்தில் கார் நிறுத்தும் இடத்துப் பக்கம் இருந்த டிரான்ஸ்பார்மரில் தீ. புகை படி வழியா ஏறிப் பால்கனிக்குள் புகுந்தது. 59 பேர் செத்துப்போனாங்க. பெரும்பாலும் மூச்சு முட்டித்தான். கூடுதல் நாற்காலி போடுறதுக்காகப் பால்கனியில் ஒரு பக்கத்து வழியை ஏற்கெனவே அடைச்சிருந்தாங்க. அவங்க நாற்காலிக்காக அடைச்சாங்க, நாம செலவைக் குறைக்க அடைச்சோம்.

நம்ம பக்கத்தில் நடந்ததும் உங்களுக்கு மறந்திருக்காது. 2004-ஆம் வருஷம் ஜனவரி 23, ஸ்ரீரங்கத்தில் கல்யாண மண்டபம். பந்தலில் தீ. மாப்பிள்ளை உட்பட 50 பேருக்கு மேல். அதே வருஷம் ஜூலை 16, கும்பகோணம் பள்ளிக்கூடம். சமையல் கொட்டகையில் பிடிச்ச தீ மாடியில் இருந்த கீத்துக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகள். எங்களில் ஒருத்தருக்கு அந்தச் சமயத்தில் மகள் மூணாம் வகுப்பு. அந்த வாரம் முழுக்கப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பலைன்னு சொன்னாங்க. அடுப்பு கீழே, ஆள் மேலே, இறங்க ஒரே வழி. நம்ம கட்டடமும் இன்னிக்கு இருக்கிற நிலையில் அப்படித்தான் இருக்கு. கூரை மட்டும் கீத்துக்குப் பதில் கான்கிரீட்.

கான்ட்ராக்டர் ஒரு யோசனை சொன்னார். "அந்தப் பச்சை அம்பை எடுத்துடறேன், படம் சரியாயிடும்." படம் சரியாயிடும், கட்டடம்? வேணாம் தம்பி, அம்பு இருக்கட்டும், கதவைக் கொண்டுவர முடியுமான்னு நாங்க மகாசபையில் கேட்டுட்டு வர்றோம்னு சொல்லிட்டு வந்திருக்கோம்.

கணக்கு இதுதான். கருவிகளில் செஞ்ச எல்லாத் திருத்தத்துக்கும் சேர்த்துக் கூடினது 9,000 ரூபாய். கொட்டேஷன் இப்போ 2,94,000. இதுக்கு உங்க அனுமதி போன செயற்குழுவிலேயே கிடைச்சாச்சு. ஜன்னலை உடைச்சுக் கதவு வைக்கவும், வெளியே இரும்புப் படி போடவும் கொத்தனாரும் பட்டறைக்காரரும் சேர்ந்து கொடுத்த மதிப்பீடு 1,60,000 ரூபாய். அந்தப் பணம் நம்மகிட்ட இருக்கு. ஆனா அது மிளகாய் அரைக்கிற பெரிய மெஷினுக்குன்னு ஒதுக்கினது. படி போட்டா மெஷின் ஒரு வருஷம் தள்ளிப் போகும். அந்த மெஷினை நம்பி 30 உறுப்பினர்கள் வேலைக்குப் பேர் கொடுத்திருக்காங்க.

எங்களுக்குள்ளேயே ஒத்துப்போகலை, அதையும் சொல்லிடறோம். ஐந்தில் மூணு பேர் படிதான் முதல்லன்னு சொல்றோம். இரண்டு பேர், மெஷினை வாங்குவோம், படி வரும் வரை மாடியில் கூட்டம் வேணாம், பாக்கெட் அட்டையும் காலி டப்பாவும் வைக்க வச்சுக்குவோம், மகாசபையை எப்பவும் போலப் பள்ளிக்கூட மைதானத்தில் நடத்திக்கலாம்னு சொல்றாங்க. அது சும்மா தள்ளிவிடுற பேச்சு இல்லை. வேலை இல்லாத வீட்டில் அடுப்பு எரியாததும் கஷ்டம்தான். ஆனா மாடியில் யாரும் ஏற மாட்டாங்கன்னு யார் காவல் இருக்கிறது? மழை வந்தா, பயிற்சிக்கு ஆபீசர் வந்தா, ஒரு நாள்தானேன்னு ஏறுவோம். மூணு பேரோட பயம் இது.

எது முடிவானாலும் இரண்டு காரியம் செய்யறோம். நிஜக் கட்டடம் இப்போ எப்படி இருக்கோ அப்படியே புதுசா அளந்து படம் வரைஞ்ச பிறகுதான் ஆள் உள்ளே வந்து குழாய் மாட்டணும். அந்தத் திருத்தின படத்தில் கான்ட்ராக்டரும் கட்டடக் குழு ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டு, ஒரு பிரதி அலுவலகச் சுவரில் ஒட்டுவோம். வேலை முடிஞ்சதும் படத்தைக் கையில் வச்சுக்கிட்டு ஒவ்வொரு சாமானா எண்ணிப் பார்த்தப்புறம்தான் கடைசித் தவணைப் பணம். இன்னொண்ணு, பள்ளிக்கூடத்தில் மேலாண்மைக் குழுவில் இருக்கிற சகோதரிகளும், ஊர்ச் சமுதாயக் கூடம் கட்டுற பஞ்சாயத்தில் வார்டு உறுப்பினரா இருக்கிறவங்களும் படம் படிக்கக் கத்துக்க வந்தா, எங்ககிட்ட கோலப்பொடி மிச்சம் இருக்கு.

அவசரத்துக்கு 101, இல்லைன்னா 112. இதை எல்லாக் குழு நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்திலும் எழுதிக்கோங்க.

இப்போ தீர்மானத்துக்கு வருவோம். போன தடவை கதவை அடைச்ச தீர்மானம் கைதட்டலில் நிறைவேறியது. புத்தகத்தில் "ஏகமனதாக"ன்னு எழுதியிருக்கு. அன்னிக்கு யாரும் படத்தைப் பார்க்கலை. இன்னிக்குப் படம் மேடைக்கு இடதுபக்கம் தட்டியில் மாட்டியிருக்கு. அந்த ஜன்னலைச் சிவப்பு மையால் சுழிச்சிருக்கோம். குழு குழுவா வந்து பாருங்க. பார்த்துட்டுப் போகும்போது பெட்டியில் சீட்டுப் போடுங்க. படி முதல்லன்னா "படி", மெஷின் முதல்லன்னா "மெஷின்". எழுத வராதவங்களுக்குக் கணக்கு எழுதும் சகோதரிகள் எழுதிக் கொடுப்பாங்க. சாப்பாட்டுக்கு அப்புறம் எண்ணுவோம்.

முதல்ல அந்தப் பக்கத்து வரிசைக் குழுக்கள் எழுந்து வாங்க.